கலவரம் அச்சேறியது, காரணம் அச்சேறவில்லை

பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நிறுக்கும் கொட்டகைக்கு வருகின்ற எந்தத் தொழிலாளிக்கும் ஓர் உண்மை தெரியும். பாலின் எடை வேறு. அதிலுள்ள உலர்ந்த ரப்பரின் எடை வேறு. வாளி விளிம்பு வரை நிறைந்திருக்கலாம். மழை நீர் கலந்திருந்தால் ரப்பர் குறைவாகத்தான் தேறும். அதனால்தான் கிராணி மெட்ரோலாக்கை விட்டுப் பார்க்கிறார். அவர் சரியாகப் பார்க்கிறாரா என்று நாமும் எட்டிப் பார்க்கிறோம். ஒரு காசு குறைந்தாலும் கேட்கிறோம். கேட்பது நம் உரிமை.

ஆனால் பத்திரிகையில் வருகின்ற செய்தியை மட்டும் சோதிக்காமல் அப்படியே வாங்கிக்கொள்கிறோம். அதிலும் ஜனங்கள் தெருவுக்கு வந்து தங்கள் குறையைச் சொன்ன செய்தி என்றால், வாளியில் பாதிக்கு மேல் தண்ணீராக இருந்தாலும் நமக்குத் தெரிவதில்லை. இந்தப் பழக்கத்தால் தொழிலாளி வர்க்கத்துக்கு நேர்ந்திருக்கும் நஷ்டம் சிறிதன்று. அதைப் பற்றித்தான் இன்று நம் அபிப்பிராயத்தைச் சொல்ல விரும்புகிறோம்.

பினாங்கில் இரண்டு ஹர்த்தால்

தொலைவில் போக வேண்டாம். நம் பினாங்கையே எடுத்துக்கொள்வோம். 1967-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 24-ஆம் தேதி ஜார்ஜ் டவுனில் ஹர்த்தால் நடந்தது. வயதானவர்களிடம் அதைப் பற்றிக் கேட்டால், "ஓ, அந்தக் கலவரமா?" என்பார்கள். ஊரடங்குச் சட்டம் நினைவிருக்கும், அடிதடி நினைவிருக்கும், யார் யாரை வெட்டினார்கள் என்ற பயம் நினைவிருக்கும். "எதற்காகக் கடையை அடைத்தார்கள்?" என்று கேட்டால் பத்தில் ஒருவர் சரியாகப் பதில் சொன்னால் அதிசயம்.

காரணம் இதுதான். அவ்வாண்டு ஜூன் மாதம் 12-ஆம் தேதி பேங்க் நெகாரா புதிய மலேசிய வெள்ளியை வெளியிட்டது. பழைய மலாயா வெள்ளியும் அதற்குச் சமமாகவே செலாவணியில் இருந்தது. நவம்பர் 18-ஆம் தேதி பிரிட்டிஷ் சர்க்கார் தன் பவுனின் மதிப்பை நூற்றுக்குப் பதினான்குக்கு மேல் குறைத்தது. பவுனோடு பிணைக்கப்பட்டிருந்த பழைய வெள்ளியும் கூடவே சரிந்தது. புதிய வெள்ளி சரியவில்லை. நேற்றுவரை நூறு காசாக இருந்த பழைய வெள்ளி, விடிந்ததும் எண்பத்தைந்து காசாகிவிட்டது.

அடி யார்மேல் விழுந்தது? கையில் பழைய நோட்டை வைத்திருந்தவர்மேல் விழுந்தது. பேங்க் வாசலை மிதிக்காமல், மகள் கல்யாணத்துக்கென்றும் மருந்துச் செலவுக்கென்றும் தகரப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் சேர்த்து வைத்த ஏழையின்மேல் விழுந்தது. நூறு வெள்ளி சேர்த்திருந்தவருக்கு ஏறத்தாழப் பதினைந்து வெள்ளி போயிற்று. திருடன் வரவில்லை, வெள்ளம் வரவில்லை, லண்டனில் ஒரு கையெழுத்து விழுந்தது, அவ்வளவுதான். இதைக் கண்டித்துத்தான் மலாயாத் தொழில் கட்சி ஹர்த்தாலுக்கு அழைப்பு விடுத்தது.

ஹர்த்தால் அமைதியாக முடியவில்லை. அது இனங்களுக்கிடையே மோதலாக மாறிற்று. உயிர்கள் போயின. கலகம் பினாங்குத் தீவைத் தாண்டியும் பரவிற்று. பலர் கைதாயினர். இவையெல்லாம் மெய். இவற்றை மறைக்க நாம் வரவில்லை. குற்றமற்ற ஒரு வழிப்போக்கனை இனத்தின் பெயரால் வெட்டியவனை எந்தத் தொழிற்சங்கமும் தோழன் என்று சொல்லாது.

ஆனால் ஒன்றைக் கேட்கிறோம். அடிதடி மெய் என்றால், எண்பத்தைந்து காசும் மெய்தானே? ஒன்று மட்டும் வரலாற்றில் நின்று மற்றொன்று ஏன் மறைந்தது? இன்றும் நாட்டின் இனக்கலவரங்களை வரிசைப்படுத்துகிறவர்கள் 1967-ஐ அந்த வரிசையில் சேர்க்கிறார்கள். ஏழையின் பணம் தேய்ந்த கதையை எழுதுகிறவர்களோ குறைவு.

இதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னால் இன்னொரு ஹர்த்தால் நடந்தது. 1947-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 20-ஆம் தேதி. பிரிட்டிஷார் கொண்டுவந்த மலாயாக் கூட்டாட்சித் திட்டத்தை ஏற்க முடியாது என்று, அகில மலாயாக் கூட்டு நடவடிக்கை மன்றமும் மலாய்க்காரர்களின் புத்ரா அமைப்பும் சேர்ந்து நடத்தியது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூவரும் ஒரே நோக்கத்தோடு நின்றனர். மலாயா இந்தியக் காங்கிரசும் அந்தக் கூட்டு மன்றத்தில் இருந்தது, தொழிற்சங்கங்களும் இருந்தன. பினாங்கு முதல் சிங்கப்பூர் வரை கடைகளும் தொழில்களும் நின்றன. கலவரம் இல்லை.

அந்த நாளை நம்மில் எத்தனை பேர் அறிவர்? பள்ளிக்கூடத்தில் படிக்கும் நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். மூன்று இனமும் ஒன்றாய் நின்ற நாளைக் கேட்டால் விழிப்பார்கள். மூன்று இனமும் அடித்துக்கொண்ட நாளைக் கேட்டால் சொல்வார்கள். அமைதியாக நின்றவனுக்கு ஒரு பத்தி. கல் எறிந்தவனுக்கு முதற்பக்கம். இந்தக் கணக்கை வைத்தால் அமைதியாக நிற்பவன் என்ன பாடம் கற்றுக்கொள்வான்? பத்திரிகைகள் சிந்திக்க வேண்டும்.

"சிலர் தூண்டிவிட்டனர்"

தொழிலாளி எழுந்து நின்றால் பத்திரிகையில் தவறாமல் வருகின்ற ஒரு வாசகம் உண்டு: "வெளியார் சிலர் தூண்டிவிட்டனர்." இந்த வாசகத்தின் வயது நம் தோட்டங்களின் வயதுக்குக் குறைந்ததன்று.

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை எண்ணிப் பாருங்கள். தொழிலாளர்கள் என்ன கேட்டார்கள்? சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு என்றார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற அவமானத்தை நிறுத்து என்றார்கள். எங்கள் பெண்களைத் தொல்லை செய்யாதே என்றார்கள். கள்ளுக்கடையை மூடு என்றார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் நோயாளிக்கு வைத்தியமும் கேட்டார்கள்.

கள்ளுக்கடையை மூடச் சொல்பவனுக்குத் தூண்டுதல் எதற்கு? சைக்கிளில் போகிறவன் இறங்கி நின்று கைகட்ட வேண்டியிருந்ததே, அந்த அவமானம் போதாதா? ஆனால் ஆண்டவர்களும் தோட்ட முதலாளிகளும், கலகக்காரர்கள் புகுந்து சாதுவான கூலிகளைக் கெடுத்துவிட்டார்கள் என்றே பேசினர். வேலைநிறுத்தத்தின் தலைவராக இருந்த ஆர். எச். நாதன் 1941-ஆம் ஆண்டு மே மாதத்தில் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். அதைக் கண்டித்தவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளிகள் மாண்டனர்.

அந்த நாதன் யார்? "தமிழ் நேசன்" பத்திரிகையின் துணையாசிரியர். பேனா பிடித்த கை தொழிலாளியின் பக்கம் நின்றபோது ஆட்சி அதைச் சகிக்கவில்லை. எனவே பத்திரிகைக்காரர் என்றாலே நமக்கு எதிரி என்று எவரும் எண்ண வேண்டாம். நமக்காக நாடு கடத்தப்பட்டவரும் ஒரு பத்திரிகைக்காரர்தான்.

சொல்லில் மறையும் கை

இப்போது நம் மொழிப் பத்திரிகைகளில் வழக்கமாக வருகின்ற சில வாக்கியங்களைக் கவனிப்போம்.

"கண்ணீர்ப் புகை வீசப்பட்டது." வீசியவர் யார்? வாக்கியத்தில் ஆளில்லை. "கற்கள் வீசினர்" என்றால் மட்டும் ஆள் இருக்கிறார்: ஆர்ப்பாட்டக்காரர். போலீசாரின் கை வாக்கியத்துக்குள் ஒளிந்துகொள்கிறது. தொழிலாளியின் கை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

"மோதல் வெடித்தது." தானாக வெடிக்க அது ரப்பர்க் கொட்டையா? யார் முதலில் நகர்ந்தார், யாரிடம் தடி இருந்தது, யார் தரையில் கிடந்தார் என்று சொல்ல வேண்டாமா?

"பொதுமக்களின் இயல்பு வாழ்க்கை பாதிக்கப்பட்டது." அப்படியானால் தெருவில் நின்றவர்கள் பொதுமக்கள் இல்லையா? அரை நாள் வாகனம் நின்றது ஒரு பாதிப்பு. ஆண்டுக்கணக்கில் சம்பளம் போதாமல் கிடந்தது பாதிப்பில்லையா? அந்த இயல்பு வாழ்க்கையைப் பொறுக்க முடியாமல்தானே தெருவுக்கு வந்தார்கள்!

நூறு பேர் துரைமாரை வரவேற்க வந்தால் "திரளான மக்கள்". அதே நூறு பேர் சம்பளம் கேட்டு வந்தால் "கும்பல்". ஆட்கள் அவர்களேதான், சட்டையைக்கூட மாற்றவில்லை. மாறியது கேட்ட கேள்வி ஒன்றுதான்.

2007-ஆம் ஆண்டில் நாம் கண்டது

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2007-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 25-ஆம் தேதி ஹிண்ட்ராப் இயக்கத்தின் அழைப்பை ஏற்றுப் பல்லாயிரம் தமிழர்கள் கோலாலம்பூரில் கூடினர். வட மாநிலத் தோட்டப்புறங்களிலிருந்தும் பஸ் ஏறிப் போனவர்கள் உண்டு. பிரிட்டிஷ் தூதரகத்தில் மனுக் கொடுக்க விரும்பினார்கள். பத்துமலையிலும் நகரிலும் அவர்கள்மேல் கண்ணீர்ப் புகையும் இரசாயனத் தண்ணீரும் பாய்ச்சப்பட்டன. பாய்ச்சியவர்கள் போலீசார், நாமாவது எழுவாயோடு எழுதுவோம்.

அந்த இயக்கத் தலைவர்களின் எல்லாக் கோரிக்கைகளையும் எல்லா வார்த்தைகளையும் நாம் ஏற்கிறோமா என்பது வேறு விஷயம். நம் சங்கத் தோழர்களுக்குள்ளேயே அதில் பலவிதக் கருத்து உண்டு. ஆனால் தோட்டம் துண்டாடப்பட்டு வீடிழந்தவர்களின் கோபமும், அவ்வாண்டு அக்டோபர் மாத இறுதியில் ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் கோவில் இடிக்கப்பட்ட வேதனையும் அந்தக் கூட்டத்தில் இருந்தன என்பதை யார் மறுக்க முடியும்?

பின்னர் நாட்டு மக்கள் என்ன படித்தார்கள்? இந்த இயக்கத்துக்குப் பயங்கரவாதிகளோடு தொடர்பு என்று மேலிடத்து அதிகாரிகள் சொன்னார்கள், அது செய்தியாயிற்று. முப்பத்தொரு பேர்மேல் கொலை முயற்சிக் குற்றம் சுமத்தப்பட்டது. அது பெரிய செய்தியாயிற்று. டிசம்பர் மாதத்தில் அந்தக் கொலை முயற்சிக் குற்றச்சாட்டை அரசாங்கத் தரப்பே கைவிட்டது. ஐந்து தலைவர்கள் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்டு 2009-ஆம் ஆண்டுக்குள் விடுதலையாயினர். பயங்கரவாதத் தொடர்பு எந்த நீதிமன்றத்திலும் மெய்ப்பிக்கப்படவில்லை.

குற்றம் சாட்டியபோது ஊரே பேசியது. குற்றம் கைவிடப்பட்டபோது எத்தனை பேர் பேசினார்கள்? நாம் சொல்ல வருவது இதுதான்: பழியைக் கொட்டை எழுத்தில் போட்ட ஏடு, பழி விலகியதையும் அதே இடத்தில், அதே அளவில் போடக் கடமைப்பட்டது. கொட்டை எழுத்தில் விழுந்த கறையைப் பொடி எழுத்தால் துடைக்க முடியாது.

நிருபரும் ஒரு தொழிலாளி

இப்படி ஏன் நடக்கிறது? பத்திரிகைக்காரர் எல்லாம் கெட்டவர் என்று சொல்லிவிடுவது சுலபம், அது உண்மையன்று. மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கின்ற நிருபரும் நம்மைப் போல் ஒரு தொழிலாளியே. அவருக்கும் மேலே ஒரு துரை உண்டு.

நம் நாட்டில் பெரிய ஏடுகள் பலவற்றின் சொந்தக்காரர்களாகவோ பெரும் பங்குதாரர்களாகவோ அரசியல் கட்சிகளும் கட்சிப் பிரமுகர்களின் குடும்பங்களும் நெடுங்காலம் இருந்து வந்தது ஊரறிந்த சங்கதி. தமிழ் ஏடுகளும் இதற்கு விலக்கல்ல. 1961-ஆம் ஆண்டு "உத்துசான் மலாயு" ஏட்டின் ஊழியர்கள், ஆளுங்கட்சி தங்கள் ஏட்டைக் கைப்பற்றுவதை எதிர்த்து ஆசிரியர் சையிட் சஹாரியின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். சம்பள உயர்வுக்காக அல்ல, பத்திரிகைச் சுதந்திரத்துக்காக மூன்று மாதம் வெயிலில் நின்றனர். தோற்றனர். தோற்றாலும் அவர்கள் நம் மரியாதைக்கு உரியவர்கள்.

சொந்தக்காரர் ஒருபுறம், உரிமம் மறுபுறம். அச்சகச் சட்டம் பிரிட்டிஷார் 1948-ஆம் ஆண்டில் போட்டது. 1984-ஆம் ஆண்டில் புதுப்பெயரோடு வந்தது. நம் பினாங்கில் 1971-ஆம் ஆண்டு பிறந்த "தி ஸ்டார்" ஏட்டின் உரிமமே 1987-ஆம் ஆண்டு அக்டோபரில் பறிக்கப்பட்டது. "சின் சியூ ஜிட் போ", "வாத்தான்" ஆகிய ஏடுகளுக்கும் அதே கதி. 1988-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்தான் அவை மீண்டன. 2008-ஆம் ஆண்டு ஏப்ரலில் "மக்கள் ஓசை"க்கு உரிமம் புதுப்பிக்க மறுக்கப்பட்டுப் பின்னர் வழங்கப்பட்டது. ஆண்டுதோறும் புதுப்பிக்கும் விதி 2012-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது; ஆனாலும் உரிமம் வேண்டும் என்ற விதி நீங்கவில்லை. கழுத்தில் கயிறு இருக்கும் மாடு, கயிறு எட்டும் தூரம்தானே மேயும்?

ஆனால் உரிமச் சட்டம் ஒன்றே காரணம் என்றும் சொல்வதற்கில்லை. அப்படி உரிமம் கேட்காத இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள். 1968-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 27-ஆம் தேதி வியட்நாம் போரை எதிர்த்து லண்டனில் பெரும் ஊர்வலம் நடந்தது. கலவரம் வரப்போகிறது, கலவரம் வரப்போகிறது என்று பல நாட்களுக்கு முன்பிருந்தே ஏடுகள் எழுதி வந்தன. ஊர்வலம் பெரும்பாலும் அமைதியாகவே நடந்தது. பிரிந்து சென்ற ஒரு சிறு பகுதியினர் மட்டும் போலீசாரோடு மோதினர். மறுநாள் ஏடுகளில் அந்தச் சிறு மோதலே பெரிதாக நின்றது. லெஸ்டர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இதைத் தனி நூலாகவே ஆராய்ந்து 1970-ஆம் ஆண்டு வெளியிட்டனர். கலவரத்தை எதிர்பார்த்து எழுதிவிட்ட ஏடு, கலவரத்தையே தேடிப் பிடிக்கிறது என்பது அவர்கள் கண்ட உண்மை. ஆக, பயத்தால் வளைவது ஒரு வகை; பழக்கத்தால் வளைவது இன்னொரு வகை. இரண்டும் நம் நாட்டில் உண்டு.

நம் வீட்டையும் பார்ப்போம்

பிறர் முதுகைக் காட்டியவர்கள் தம் முதுகையும் காட்ட வேண்டும். சங்க ஏடுகள் மட்டும் சுத்தமா? தலைவர் மாலையோடு நிற்கும் படத்துக்கு அரைப்பக்கம் ஒதுக்கி, தோட்டக் கிளையிலிருந்து வந்த புகார்க் கடிதத்துக்கு ஆறு வரி ஒதுக்கியதில்லையா? சங்கத்தைக் கேட்காமல் ஒரு தோட்டத்தார் வேலையை நிறுத்தினால், "சிலர் தூண்டிவிட்டனர்" என்ற முதலாளியின் வாசகத்தையே நாமும் கையாண்டதில்லையா? நமக்குப் பிடிக்காத ஆர்ப்பாட்டத்தில் கூட்டத்தைக் குறைத்தும், நமக்குப் பிடித்ததில் கூட்டியும் எழுதும் ஆசை எங்களுக்கும் உண்டு. நாங்களும் நிறுவைக்கு உட்பட்டவர்களே. தோழர்கள் தயங்காமல் எங்களையும் நிறுத்துப் பாருங்கள்.

கைத்தொலைபேசியில் வரும் செய்தி பத்திரிகையைவிட உண்மையானது என்று நம்புகிறவர்களுக்கும் ஒரு சொல். அதற்கு ஆசிரியர் இல்லை. தவறென்றால் திருத்தம் போட ஆளும் இல்லை. கலவரக் காலத்தில் வதந்தி வாய்வழியே ஓடியது. இன்று விரல் வழியே ஓடுகிறது; வேகம்தான் கூடியிருக்கிறது.

என்ன செய்வது?

குறை சொல்லிக் கலைந்து போவதற்காக நாம் இதை எழுதவில்லை. செய்யக்கூடியது மூன்று உண்டு.

ஒன்று: செய்தியை நிறுத்துப் படியுங்கள். ஆர்ப்பாட்டச் செய்தி எதைக் கண்டாலும் நான்கு கேள்வி கேளுங்கள். கூடியவர்கள் கேட்டது என்ன என்று எழுதியிருக்கிறதா? அவர்களில் ஒருவராவது பேசியிருக்கிறாரா, அல்லது போலீசாரும் மந்திரியும் மட்டும்தானா? கூட்டத்தின் கணக்கைக் கொடுத்தவர் யார்? அடி விழுந்திருந்தால் அடித்தவர் இன்னார் என்று சொல்லியிருக்கிறதா? நான்குக்கும் பதில் இல்லையென்றால் அந்த வாளியில் ரப்பர் குறைவு.

இரண்டு: நம் கதையை நாமே அன்றைக்கே எழுதி வைப்போம். இதில் கிராணிமார்களின் உதவி பெரிது. முன்னாளில் லயத்து வாசலில் பத்திரிகையை உரக்கப் படித்துக் காட்டியவர்கள் அவர்கள். ஒரு தோட்டத்தில் வேலைநிறுத்தமோ மறியலோ நடந்தால், தேதி, நேரம், கூடியவர் எண்ணிக்கை, கோரிக்கை, நிர்வாகம் சொன்ன பதில், காயம் பட்டவர் யாவற்றையும் அன்று மாலையே ஒரு தாளில் எழுதுங்கள். கூட்டாமல் எழுதுங்கள், குறைக்காமல் எழுதுங்கள். நம் பக்கத்துத் தவறு இருந்தால் அதையும் எழுதுங்கள். ஒரு படி பத்திரிகைகளுக்கு, ஒரு படி சங்கத்துக்கு, ஒரு படி கிளையின் பெட்டிக்கு.

மூன்று: தவறாக வந்தால் கேளுங்கள். மரியாதையாக, ஆதாரத்தோடு, ஆசிரியருக்கு எழுதுங்கள். 2025-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் மலேசிய ஊடக மன்றச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. அது பத்திரிகையைக் கட்டிப்போடும் இன்னொரு கயிறாகாமல், எளியவனின் முறையீட்டையும் கேட்கும் மன்றமாக நடக்க வேண்டும் என்பது நம் கோரிக்கை.

இவையெல்லாம் தொழிலாளிக்கு எதற்கு, மரம் வெட்டிப் பிழைப்பவனுக்குப் பத்திரிகை வழக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நாளை நம் சம்பளத்துக்காகத் தோட்ட வாசலில் நாம் நிற்க நேரிடலாம். அப்போது நம்மை நேரில் பார்ப்பவர்கள் சில நூறு பேர். நம்மைப் பற்றிப் படிப்பவர்கள் பல இலட்சம் பேர். வழக்கைத் தீர்ப்பவரும், சமரசம் பேசுகிறவரும், சட்டம் செய்பவரும் அந்தப் பல இலட்சத்தில்தான் இருக்கிறார்கள். அவர்கள் கையில் போய்ச் சேரும் தாளில் நம் கோரிக்கை இல்லாமல் நம் கூச்சல் மட்டும் இருந்தால், பேச்சுவார்த்தை மேசைக்குப் போகுமுன்னரே நாம் பாதி தோற்றவர்கள்.

1967-இல் பினாங்கு ஏழை இழந்தது பதினைந்து காசு மட்டுமன்று. தன் பணம் ஏன் தேய்ந்தது என்று தான் கேட்ட கேள்வியையும் இழந்தான். பணத்தை மீண்டும் சம்பாதித்துவிடலாம். கேள்வியைப் பிறர் அழித்துவிட்டால் மீட்பது கடினம். அதை எழுதி வைப்போம். அச்சேறும் வரை கேட்போம்.